இடைவேளை மணிக்கு அரை மணித்தியாலம் முன்னதாக: வன்னிப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், மடு, வவுனியா வடக்கு முதலிய வலயங்களின் கல்விப் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இன்சுலின் போடப் பழக்கிக் கொடுக்கும் தாதியரும், இன்சுலின் போடும் பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்கள் பாடசாலையில் முதலாம் வகை நீரிழிவு உள்ள ஒரு பிள்ளை இருந்தால் இந்த மடல் இன்றே உங்களுக்குத் தேவை. இல்லையென்றால் அடுத்த தவணையில் தேவைப்படலாம். இந்த வருத்தம் முன்னறிவிப்பில்லாமல் வருவது.

ஊரில் சீனி வருத்தம் என்று பொதுவாகச் சொல்வது பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையை. இது வேறு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பிள்ளையின் உடலே அழித்துவிட்டது. இனிப்புத் தின்று வந்ததல்ல, தொற்றுவதுமில்லை. குளிசையாலோ கசாயத்தாலோ இதைச் சமாளிக்க முடியாது. 1922 ஜனவரியில் டொரன்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டவன் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவன். உங்கள் பாடசாலையில் என்றால் தரம் 9இல் இருந்திருப்பான். அதற்கு முன் இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் பிழைக்கவில்லை. இன்றும் இன்சுலின் முற்றாக நின்றுபோனால் ஓரிரு நாட்களுக்குள் பிள்ளை உயிராபத்தான நிலைக்குப் போய்விடும்.

எத்தனை யூனிட் போடுவது என்பதைக் கிளினிக்கில் வைத்தியர் எழுதித் தருகிறார். அதில் உங்களிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கேட்பது நேரத்தை. காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை இந்தப் பிள்ளை எப்போது சாப்பிடலாம், எப்போது வகுப்பை விட்டு எழும்பலாம் என்பதை முடிவு செய்வது நீங்கள். சரியான அளவு இன்சுலினைப் பிழையான நேரத்தில் போட்டால் அது பிழையான அளவாகவே வேலை செய்யும். ஒரே நாளில் இரத்தச் சீனி முதலில் ஏறும், பிறகு விழும். இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே ஊசி.

ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். சொலுபிள் எனப்படும் தெளிந்த இன்சுலின் போத்தலுக்குள் ஆறு ஆறு மூலக்கூறுகளாகச் சேர்ந்து கொத்தாக இருக்கிறது. அந்தக் கொத்தின் அமைப்பை 1969இல் டொரதி ஹொட்ஜ்கின் என்ற விஞ்ஞானியின் குழு கண்டு சொன்னது. தோலின் கீழ் போட்டதும் கொத்து அப்படியே இரத்தத்துக்குள் போகாது, அது பருமன் கூடியது. இரண்டிரண்டாகவும் ஒன்றொன்றாகவும் பிரிந்த பிறகுதான் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவர்களைத் தாண்டும். அப்படிப் பிரிந்து வேலை தொடங்க ஏறத்தாழ 30 நிமிடம் எடுக்கிறது. 2 முதல் 4 மணித்தியாலத்தில் உச்சம், 6 முதல் 8 மணித்தியாலம் வரை வால் நீளும். சாப்பாடோ இதற்காகக் காத்திராது. பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும் 15 நிமிடத்திலேயே இரத்தச் சீனியை ஏற்றத் தொடங்கி, ஒரு மணித்தியாலமளவில் உச்சிக்குக் கொண்டுபோய்விடும். சோறும் புட்டும் கறியோடு சேர்ந்தால் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் சொலுபிள் அளவுக்கு மெதுவாகாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்னதாக ஊசி.

கொத்து விரைவாகப் பிரியும்படி மூலக்கூறைச் சிறிது மாற்றிச் செய்த வேக இன்சுலின்கள் 1996 முதல் பாவனையில் உள்ளன. லிஸ்புரோ, அஸ்பார்ட், குளுலிசின் என்பன அந்த வகை. அவை 10 முதல் 15 நிமிடத்தில் தொடங்கி, 1 முதல் 2 மணித்தியாலத்தில் உச்சம் கண்டு, 3 முதல் 5 மணித்தியாலத்தில் முடியும். இவற்றைச் சாப்பாட்டுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் முன்னதாகப் போடுவார்கள். ஆகவே பிள்ளையின் பெற்றோரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி, பிள்ளை போடுவது எந்த வகை என்பது. "இன்சுலின் போடுறவர்" என்று மட்டும் இடாப்பில் எழுதி வைத்தால் உதவாது.

பாடசாலையைப் பொறுத்தவரை இந்தப் பிள்ளைகள் இரண்டு விதம். ஒரு விதத்தார் வீட்டிலேயே ஊசி போட்டுவிட்டு வருவார்கள். பாடசாலையில் ஊசி இல்லை. மற்ற விதத்தார் பாடசாலையில் போட வேண்டும். முதல் விதத்தாரில் பிரச்சினையில்லை என்று ஆசிரியர்கள் நினைப்பதுண்டு. எங்களுக்கு அதிகப் பயம் அவர்களைப் பற்றித்தான்.

மிக்ஸ்டாட் என்று பலர் சொல்லும் கலப்பு இன்சுலினை எடுத்துப் பாருங்கள். அதில் நூற்றுக்கு 30 பங்கு சொலுபிள், 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் பால் நிற இன்சுலின். காலை 6 மணிக்கு அதைப் போட்ட பிள்ளைக்குச் சொலுபிள் பங்கு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் உச்சத்தில் இருக்கும். அது தணியும்போது மெதுவான பங்கு எழும்பி 10 மணி முதல் 2 மணி வரை அழுத்தும். அதாவது உங்கள் நேரசூசி முழுவதும் அந்த உடம்பில் இன்சுலின் வேலை செய்துகொண்டே இருக்கிறது. உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதற்கு ஈடாகப் போக வேண்டியது சாப்பாடு மட்டுமே. காலையில் சொலுபிள் போட்டு, இரவில் நீண்ட நேர இன்சுலின் போடும் பிள்ளைக்கும் முற்பகல் கதை இதுதான். இடைவேளை 10.30 என்றால் 10.30க்கு வாயில் ஏதாவது போக வேண்டும். ஒரு துண்டுப் பாண், அல்லது ஒரு சிறிய கதலி வாழைப்பழம், அல்லது மூன்று மாரி பிஸ்கட், ஏறத்தாழ 15 கிராம் மாப்பொருள், போதும். ஆனால் நேரத்துக்கு வேண்டும்.

இடைவேளை எப்போது பிந்துகிறது என்று உங்களுக்கே தெரியும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு அணிநடை பழகும் நாட்களில், அதிதி வரப் பிந்தும் பரிசளிப்பு விழாவில், வாணி விழாவில். பூசை முடியும் வரை அவலையும் கடலையையும் யாரும் தொடக்கூடாது என்பது முறைதான். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் பின் வரிசையில் இருந்து பிஸ்கட் தின்ன முன்கூட்டியே அனுமதி கொடுத்து வையுங்கள். பூசையில் குறை வராது. கைநடுங்க நிற்கும் பிள்ளை தானாக வந்து கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சீனி விழும்போது மூளையும் மங்கும்; கேட்க வேண்டும் என்ற நினைப்பே வராமல் போகும்.

வீட்டில் ஊசி போடும் நேரமும் உங்கள் வாயிற்கதவோடு சம்பந்தப்பட்டது. ஒட்டுசுட்டான் பக்கத்திலும் துணுக்காய்ப் பக்கத்திலும் உட்கிராமங்களில் இருந்து வரும் பிள்ளை 6.30க்கு முன்னரே வீதிக்கு வர வேண்டும். அப்படியென்றால் 5.45க்கு ஊசி, 6.15க்குச் சாப்பாடு. பஸ் பத்து நிமிடம் முந்தி வந்துவிட்டால் பிள்ளை ஊசியோடு ஓடிவிடும், சாப்பாடு பார்சலாகப் பையில் போகும். 6.15க்குப் போயிருக்க வேண்டிய புட்டு 7.30 ஆகியும் பைக்குள்ளேயே இருக்கும். இந்த நிலையில் அந்தப் பிள்ளையைப் பிந்தி வந்த குற்றத்துக்காக வாசலில் வெயிலில் நிறுத்துவது பெரிய ஆபத்து. காலைப் பிரார்த்தனைக்கு அரை மணித்தியாலம் நிற்க வைப்பதும் அப்படித்தான். முதலாம் பாடத்தில் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டால் விட்டுவிடுங்கள். பெற்றோருக்கும் நாங்கள் சொல்லி வருகிறோம்: பஸ் நிச்சயமில்லாத நாளில், சாப்பாடு கோப்பையில் ஆறி இருக்கும்போதுதான் ஊசி, அடுப்பில் வேகும்போது வேண்டாம்.

இனிப் பாடசாலையில் ஊசி போட வேண்டிய பிள்ளைகள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு புறப்பட்டு இடைவேளையிலேயே முதற் சாப்பாடு சாப்பிடுபவர்கள், அல்லது ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வேக இன்சுலின் போடுபவர்கள். சொலுபிள் என்றால் 10 மணிக்கு, வேக இன்சுலின் என்றால் 10.15க்கு அவர்கள் எழும்ப வேண்டும். பாடம் நடந்துகொண்டிருக்கும். பல இடங்களில் கேட்கும் பதில், "மணி அடிக்கட்டும், பிறகு போடலாம்" என்பது. கெட்ட எண்ணத்தில் சொல்வதல்ல. ஆனால் அதன் விளைவைக் கணக்காகப் பாருங்கள்.

10.30க்கு மணி. பிள்ளை முதலில் சாப்பிட்டு, விளையாட்டு ஆசையும் தீர்ந்து, 10.50க்குச் சொலுபிள் போடுகிறது. 11.20 வரை இன்சுலின் வேலை தொடங்காது. அதற்குள் பாணும் சம்பலும் தேத்தண்ணியும் இரத்தத்தில் ஏறிவிடும். 11.30 கணித பாடத்தில் இரத்தச் சீனி 300 mg/dLஐத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. தாகம், அடிக்கடி சிறுநீர், எழுத்து மங்கல், சோர்வு. ஆசிரியருக்குக் கவனமில்லாத பிள்ளையாகத் தெரியும். பிறகு 12.50 முதல் 2.50 வரை இன்சுலின் உச்சம். அப்போது வயிற்றில் சாப்பாடு மிச்சமில்லை. 1.30க்குப் பாடசாலை விடுகிறது. மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் உச்சி வெயிலில், சைக்கிளில், தனியே போகும்போது சீனி விழுகிறது. பாடசாலையில் எதுவும் நடக்கவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். விழ வைத்தது 10.50.

10 மணிக்கே போட்டிருந்தால் சாப்பாடு ஏறத் தொடங்கும்போது இன்சுலினும் எழும்பியிருக்கும். சொலுபிளின் வால் நீளம் என்பதால் அப்போதும் 12.30 அளவில் ஒரு சின்னத் தீன் நல்லது. மிச்சத்தை வீட்டில் 2 மணிச் சாப்பாடு பார்த்துக்கொள்ளும்.

முன்னதாகப் போடுவதில் ஒரு ஆபத்து உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஊசி போட்ட பிறகு சாப்பாடு வராமல் போவது. பாடசாலையில் தரும் உணவு சில நாட்களில் பிந்தும்: விறகு நனைந்திருக்கும், சமைப்பவருக்குச் சுகமில்லாமல் இருக்கும். ஆகவே ஒரே ஒரு விதி வையுங்கள். சாப்பாடு பாடசாலைக்குள் வந்ததைக் கண்ணால் கண்ட பிறகே ஊசி. 10 மணிக்கு வரவில்லையா, பிள்ளை காத்திருக்கட்டும். வந்ததும் போட்டு அரை மணித்தியாலம் கழித்துச் சாப்பிடட்டும், மற்றப் பிள்ளைகள் முடித்துவிட்டாலும். வகுப்பில் அந்த ஒரு பிள்ளை 11 மணிக்குச் சாப்பிடுவதை அனுமதிப்பது சிறிய விடயம். போட்ட பிறகு தட்டில் பாதியை மிச்சம் விட்டால், விட்ட சோற்றுக்கு ஈடாகப் பிஸ்கட்டோ சீனி போட்ட பால் தேத்தண்ணியோ போக வேண்டும். என்ன சாப்பாடு என்பதை முதல்நாளே பிள்ளைக்குச் சொன்னால் இன்னும் நல்லது. சோறும் பருப்பும் முட்டையும் ஒரு கணக்கு. பாற்சோறும் பனங்கட்டியும் வேறு கணக்கு.

அரை மணித்தியாலம் என்பதும் கல்லில் வெட்டியதல்ல. ஊசிக்கு முன், விரல் நுனி இரத்தத்தில் சீனியை அளக்கும் குளுக்கோமீற்றரில் ஒருமுறை பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் முதலில் சீனித் தண்ணீர். 15 நிமிடத்தில் 70ஐத் தாண்டிய பிறகு, சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஊசி, காத்திருப்பு இல்லை. 70ஐ ஒட்டி இருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். 250க்கு மேலே இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கச் சில கிளினிக்குகள் சொல்லிக் கொடுத்திருக்கும். பிள்ளையின் கொப்பியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். வாந்தி இருந்தால் முன்னதாகப் போடுவதே கூடாது, ஆனால் இன்சுலினை நிறுத்துவதும் கூடாது. உடனே பெற்றோரை அழையுங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வாங்கும் மூச்சு, பழம் அழுகினாற் போன்ற வாடை இவை சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். இதைச் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எண்ணி அறையில் படுக்க வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

ஊசியை மறந்துவிட்டுப் பிற்பாடு நினைவு வந்தால் பாடசாலையில் யாரும் தாமாக முடிவெடுக்க வேண்டாம். பெற்றோருக்கு அழைத்து, எப்போது சாப்பிட்டது, மீற்றர் என்ன காட்டுகிறது என்ற இரண்டையும் சொன்னால் அவர்களுக்குக் கிளினிக் சொல்லிக் கொடுத்தது தெரியும். அடுத்த ஊசியோடு சேர்த்து இரட்டிப்பாக்குவது எந்தச் சூழ்நிலையிலும் இல்லை. சீனி கூட இருக்கிறதே என்று ஒரு மணித்தியாலத்துக்குள் மேலதிகமாக இன்னொரு ஊசி போடுவதும் அப்படித்தான்: முதல் ஊசி இன்னும் உச்சத்துக்கே வந்திருக்காது.

அடுத்தது இடம். இதை நாங்கள் வேண்டுமென்றே நீட்டி எழுதுகிறோம். வயிற்றில் போட்ட இன்சுலின் வேகமாக இறங்கும், மேற்கையில் நடுத்தரம், தொடையிலும் பின்பக்கத்திலும் மெதுவாக. சொலுபிளில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஆண்பிள்ளை சேட்டைத் தூக்கி வயிற்றில் போட்டுவிட்டுப் போவான். பெண்பிள்ளை உடுத்தியிருப்பது ஒரே துண்டான வெள்ளைச் சட்டை. வயிற்றைத் திறக்க முழுச் சட்டையையும் தூக்க வேண்டும். கதவு பூட்டக்கூடிய அறை இல்லையென்றால் அவள் என்ன செய்வாள்? மலசலகூடத்துக்குள் நின்றுகொண்டு, வைக்க ஒரு மேசையுமில்லாமல், ஊசியின் மூடியை வாயில் கடித்தபடி போடுவாள். அல்லது வாங்கில் இருந்தபடியே சட்டைக்கு மேலால் தொடையில் குத்துவாள். துணிக்கு மேலால் குத்தினால் மருந்து முழுதாக உள்ளே போனதா, வெளியே கசிந்ததா என்று தெரியாது. ஊசி வளையவும் கூடும். போதாததற்கு, தினமும் கைக்கு எட்டும் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கொழுப்புத் தடித்துக் கட்டியாகிவிடும். வலி குறைவாக இருப்பதால் பிள்ளைகள் அந்த இடத்தையே விரும்புவார்கள். அந்தக் கட்டிக்குள் போட்ட இன்சுலின் ஒருநாள் பிந்தி இறங்கும், ஒருநாள் திடீரென்று இறங்கும். 30 நிமிடக் கணக்கு அங்கே செல்லாது. கதவு, மேசை, கைகழுவத் தண்ணீர், வெளிச்சம். இந்த நான்கும் உள்ள ஒரு மூலையை 10 நிமிடத்துக்குக் கொடுங்கள். பாடசாலையில் இன்சுலின் போடுவதை ஒளிப்பவர்களில் பெண்பிள்ளைகள்தான் அதிகம். "நாளைக்குக் கலியாணம் பேசேக்க" என்ற பேச்சு அவர்கள் காதில் சின்ன வயதிலேயே விழுந்துவிடுகிறது. ஆகவே வகுப்பு முழுவதும் கேட்கக் கூப்பிட்டு அனுப்ப வேண்டாம். 10 மணிக்கு அவள் எழும்பிப் போனால் எங்கே என்று கேட்காமல் விடுவதே போதும்.

தரம் 5க்கு உட்பட்ட பிள்ளை தானே போட்டாலும் சிறிஞ்சில் இழுத்த அளவை ஒரு பெரியவர் கண்ணால் பார்க்க வேண்டும். பெற்றோர் எழுதித் தந்த எண்ணும் சிறிஞ்சில் உள்ள கோடும் ஒன்றா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிட் உள்ள போத்தலுக்கு 100 யூனிட் சிறிஞ்ச், மூடி செம்மஞ்சள் நிறம். சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிறிஞ்ச் ஏதாவது வழியில் வந்து சேர்ந்திருந்தால் அதில் எடுக்கவே கூடாது. அதே கோடு வரை எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். இன்சுலின் பேனா என்றால் ஒவ்வொரு முறையும் 2 யூனிட்டை வெளியே விட்டுப் பார்த்து, பிறகு போட்டு, பொத்தானை அழுத்தியபடி 10 வரை எண்ணி வெளியே எடுக்க வேண்டும். பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போட்டு மூடி, பெற்றோர் கையில் கொடுத்தால் அவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்.

வன்னி வெயிலுக்கு இன்சுலின் ஈடுகொடுக்காது. பாவனையில் உள்ள போத்தல் 30 பாகைக்குள் 4 வாரமளவு தாங்கும். தகரக் கூரையின் கீழ் இருக்கும் வகுப்பறையில் கறுப்புப் பைக்குள் கிடந்தால் தாங்காது. மண்முட்டி ஒன்றை ஈர மணலில் புதைத்து, நிழலில், காற்றுப் படும் இடத்தில் வைத்து, போத்தலைச் சிறிய மூடிய டப்பாவில் போட்டு உள்ளே வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள், ஐஸ் கட்டும் பகுதிக்குக் கிட்ட வேண்டாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை. தெளிந்த இன்சுலின் கலங்கினால், அல்லது பால் நிற இன்சுலினை உருட்டிய பிறகும் வெள்ளைத் துகள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் எறிந்துவிட வேண்டும். வெயில் பிள்ளையின் உடம்பிலும் வேலை செய்யும்: சூடான தோலில் இன்சுலின் வேகமாக இறங்கும், ஓடிய காலில் இன்னும் வேகமாக. ஆகவே ஓட்டமோ சைக்கிளோ உள்ள நாளில் தொடையைத் தவிர்த்து வயிற்றில் போட வேண்டும். மெய்வல்லுநர் போட்டி நாளுக்கு அளவைக் குறைப்பதா என்பதை ஒரு கிழமைக்கு முன்னரே கிளினிக்கில் கேட்கப் பெற்றோருக்கு அறிவித்தல் கொடுங்கள். ஓடாதே என்று இருத்திவிட வேண்டாம். இந்தப் பிள்ளைகளால் ஓட முடியும்.

சீனி விழுந்தால் செய்ய வேண்டியதை ஒவ்வொரு ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும், வகுப்பாசிரியர் மட்டுமல்ல. வியர்வை, நடுக்கம், வெளிறிய முகம், திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம் அல்லது அழுகை, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வெறித்த பார்வை. மீற்றர் கைக்கருகில் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் பார்க்கத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். மட்டமாக 3 முதல் 4 தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். அது ஏறத்தாழ 15 கிராம். சின்னப் பிள்ளைக்கு 2 தேக்கரண்டி போதும். 15 நிமிடம் பக்கத்தில் இருந்து, மறுபடி பார்த்து, 70க்கு மேலே வராவிட்டால் இன்னொரு முறை. வந்த பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் ஒரு துண்டுப் பாண். சொக்கிலேற் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் பிந்தும். பனங்கட்டியைக் கடிக்கக் கொடுப்பதிலும் சீனித் தண்ணீர் விரைவு. தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது, தனியே முகம் கழுவவும் அனுப்பக் கூடாது. நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். இரத்தச் சீனியை உயர்த்தும் குளுக்ககன் ஊசியைப் பெற்றோர் தந்து பழக்கியிருந்தால் அதைப் போடுங்கள்.

சீனிப் போத்தல் ஒன்றும் ஒரு தேக்கரண்டியும் அலுவலக அலுமாரிக்குள் பூட்டியிருந்தால் பயனில்லை. வகுப்பு மேசை லாச்சியில் இருக்கட்டும். எறும்பு வராமல் இறுக மூடினால் போதும்.

பரீட்சை மண்டபம் தனிக் கவலை. காலை 6.30க்குச் சொலுபிள் போட்ட பிள்ளைக்கு உச்சம் 8.30 முதல் 10.30. வினாத்தாளின் நடுப்பகுதி அது. மீற்றர், சீனி, பிஸ்கட், தண்ணீர் இவற்றை மேசையில் வைக்கவும், சீனி விழுந்தால் அதைச் சரிசெய்யப் போன நிமிடங்களை ஈடுசெய்யவும் என்ன கடிதம், எந்தப் படிவம் தேவை என்பதை விண்ணப்பம் அனுப்பும் காலத்திலேயே அதிபர்கள் கேட்டு வைத்தால், பரீட்சை நாளன்று வாசலில் மேற்பார்வையாளரோடு பெற்றோர் வாதாடத் தேவையில்லை. தவணைப் பரீட்சையில் இதற்கெல்லாம் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, உங்கள் ஒரு சொல் போதும்.

வலயக் கல்விப் பணிப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்று. மேலே சொன்னதில் பாதி பல பாடசாலைகளில் நல்ல மனமுள்ள ஒரு ரீச்சரால் ஏற்கெனவே நடக்கிறது. அவர் இடமாற்றம் பெற்றுப் போனதும் நின்றுவிடுகிறது. ஆகவே ஒரு பக்கத்தில் எழுதிய ஒரு தாள், வலயத்தின் முத்திரையோடு, ஒவ்வொரு பாடசாலைக்கும் வேண்டும். பிள்ளை போடும் இன்சுலினின் பெயர், வீட்டில் போடும் நேரம், பாடசாலையில் போடுவதென்றால் எழும்ப வேண்டிய நேரம், தவறாமல் சாப்பிட வேண்டிய நேரம், பெற்றோரின் இரண்டு தொலைபேசி இலக்கங்கள், கிளினிக்கின் இலக்கம். கிளினிக்கில் அளவும் நேரமும் மாறும்போது பெற்றோர் வந்து திருத்த வேண்டும், ஆகவே பென்சிலால் நிரப்பினாலும் சரி. புதிய ஆசிரியர் பொறுப்பெடுக்கும் நாளில் இடாப்போடு இந்தத் தாளும் கைமாற வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இந்தத் தாளைக் காட்டி, நீங்கள் செய்வது சரியா என்று கேட்கலாம். ஆசிரியர்களுக்கு ஒரு பிற்பகல் ஒதுக்கித் தந்தால், மீற்றரையும் சிறிஞ்சையும் கொண்டுவந்து மேசையில் வைத்துச் செய்துகாட்ட நாங்கள் வருவோம்.

அடுத்த தவணை தொடங்கும் முதல் நாளிலேயே நேரசூசியோடு சேர்த்து அந்த 10 மணியையும் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வன்னியில் இன்சுலின் போடும் பிள்ளைகளின் பெற்றோரும்
அவர்களைப் பழக்கும் தாதியரும்